சேசிஸ் இலக்கம் கிடைத்ததா?

வாசகி ஒருவரின் கடிதம்:

"உப்புவெளியில் நானும் கணவரும் ஆறு அறைகள் கொண்ட விருந்தினர் இல்லம் நடத்துகிறோம். கட்டுநாயக்காவிலிருந்து விருந்தினரை ஏற்றி வரவும், நிலாவெளி, கன்னியா என்று கூட்டிப் போகவும் சொந்த வாகனம் வேண்டுமென்று, ஏழு மாதங்களுக்கு முன் கொழும்பில் ஒரு நிறுவனத்தில் புத்தம் புதிய ஏழு ஆசன வாகனத்துக்கு முற்பணம் கட்டினோம். மேல் தர வகை, கடும் சிவப்பு நிறம். மூன்று மாதத்தில் வரும் என்றார்கள். இப்போது எப்போது கேட்டாலும் 'கப்பலில் வருகிறது' என்ற ஒரே பதில்தான். எங்களுக்கு இரண்டு மாதம் பிந்திப் பதிவு செய்த கிண்ணியாக்காரர் ஒருவர் அதே வாகனத்தை எடுத்து ஓடிக்கொண்டிருக்கிறார். மே மாதம் சீசன் தொடங்கிவிடும். கார் சேல் ஒன்றில் இதே வாகனம் நிற்கிறது, விலைதான் அதிகம். நாங்கள் ஏமாற்றப்படுகிறோமா? முற்பணத்தை மீளப் பெற்றுக்கொண்டு அதை வாங்கிவிடலாமா? திருகோணமலையில் இவ்வளவு பெரிய துறைமுகம் இருக்க, வாகனக் கப்பல் ஏன் இங்கே வருவதில்லை என்று மாமனார் வேறு கேட்கிறார்."

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்களை ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உங்களுக்கு உண்மையை முழுதாகச் சொல்லவில்லை. தாமதத்தை மன்னிக்கலாம், ஏனென்றால் அதில் பெரும் பகுதி அவர்கள் கையில் இல்லை. பணம் கட்டிய ஒருவருக்கு அவருடைய ஓடர் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று சொல்லாமல் விடுவதை என்னால் மன்னிக்க முடியவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கொழும்பில் வாகன ஓடர் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

நாளைக்கே நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுங்கள். "எப்போது வரும்?" என்று கேட்காதீர்கள். "எங்கள் வாகனத்தின் சேசிஸ் இலக்கம் என்ன?" என்று கேளுங்கள். ஒவ்வொரு வாகனத்தின் உடலிலும் பதித்திருக்கும் தனி அடையாள இலக்கம் அது. அந்த இலக்கம் இருந்தால் உங்களுக்கென்று ஒரு வாகனம் எங்கேயோ இருக்கிறது. இல்லையென்றால் வரிசையில் ஓர் இடம் மட்டுமே உங்களுக்கு இருக்கிறது. நீங்கள் எடுக்கவேண்டிய முடிவு அந்த ஒரு பதிலைப் பொறுத்தது.

நீங்கள் முற்பணம் கட்டிய அன்று தொழிற்சாலைக்கு உங்களைப் பற்றி எந்தச் செய்தியும் போயிருக்காது. உற்பத்தியாளருக்காக இங்கே விற்கும் முகவர் நிறுவனம் மாதத்துக்கு ஒருமுறைதான் தன் தேவையைத் தொழிற்சாலைக்கு அனுப்பும். அதில் பொதுவாக அடுத்த மூன்று மாதங்களுக்கான கணக்கு இருக்கும்: எந்த மாதிரி, எந்தத் தரம், எந்த நிறம், எத்தனை. முதல் மாதக் கணக்கைப் பூட்டிவிடுவார்கள், அதில் கைவைக்க முடியாது. இரண்டாம், மூன்றாம் மாதங்களில் நிறத்தையோ தரத்தையோ ஓரளவு மாற்றலாம். கேட்டதெல்லாம் கிடைப்பதும் இல்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் இவ்வளவுதான் என்று தொழிற்சாலை ஓர் ஒதுக்கீட்டை வகுத்துக் கொடுக்கும். நூறு கேட்ட முகவருக்கு நாற்பது கிடைத்த மாதங்களை நானே கண்டிருக்கிறேன். மீதி அறுபது பேரும் அடுத்த மாதத்துக்குத் தள்ளப்படுவார்கள். அந்த மாதம் புதிதாகப் பதிவு செய்பவர்கள் அவர்களுக்குப் பின்னால் சேர்வார்கள். விற்பனை மேசையில் இருக்கும் இளைஞர் சொல்லும் "மூன்று மாதம்" என்பது ஒதுக்கீடு கேட்டபடி கிடைத்தால், கப்பலில் உடனே இடம் கிடைத்தால், சுங்கத்தில் தடங்கல் இல்லாவிட்டால் என்ற நிபந்தனைகளெல்லாம் கூடிவந்த மூன்று மாதம். அந்த நிபந்தனைகளை அவர் உங்களிடம் சொல்லியிருக்கவேண்டும்.

ஒதுக்கீட்டில் இலங்கையின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி வந்தது 2025 பெப்ரவரியில். தொழிற்சாலைகள் சென்ற மாதங்களில் ஒரு நாடு எவ்வளவு வாங்கியது என்பதைப் பார்த்தே அடுத்த மாதங்களுக்கு ஒதுக்கும். கிட்டத்தட்ட ஐந்து ஆண்டுகள் கதவு மூடியிருந்த ஒரு சந்தைக்குக் காட்டுவதற்கு அண்மைக் கணக்கு எதுவும் இருக்கவில்லை. உள்ளூரிலோ, ஐந்து ஆண்டுகளாக வாகனம் மாற்றாமல் காத்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தோடு வந்து நின்றார்கள்.

இனிக் கிண்ணியாக்காரர் விடயம். உங்கள் மனதை அதிகம் வருத்துவது அதுதான் என்று நினைக்கிறேன். அவர் யாருக்கோ கைக்குள் வைத்து முன்னே போயிருக்கலாம், இல்லையென்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அதைவிட எளிய காரணம் ஒன்று உண்டு. அவருடைய வாகனம் என்ன நிறம் என்று பாருங்கள். வெள்ளையாகவோ வெள்ளியாகவோ கறுப்பாகவோ இருந்தால் எனக்கு வியப்பில்லை. முகவர் நிறுவனங்கள் வாடிக்கையாளர் பெயருக்கு மட்டும் ஓடர் கொடுப்பதில்லை. எளிதில் விற்கும் நிறத்திலும் இடைத் தரத்திலும் கூடுதலாகப் போட்டு வைப்பார்கள். யாராவது ஓடரை விட்டுவிட்டால் அந்த வாகனமும் கையில் நிற்கும். அதே நிறத்தையும் தரத்தையும் கேட்டு வரிசையில் முதலில் நிற்பவருக்கு அது போகும். கடும் சிவப்பில் மேல் தரம் கேட்ட நீங்கள் வேறு வரிசையில் நிற்கிறீர்கள். அந்த வரிசையில் ஆட்கள் குறைவு, வாகனமும் குறைவு. அப்படிப்பட்ட ஓடரைத் தனியாகத் தொழிற்சாலைக்கு அனுப்பி, அந்த நிறம் பூசும் முறை வரும்வரை காத்திருக்கவேண்டும்.

ஆகவே உங்களிடம் ஒரு கேள்வி. சிவப்பு உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? விருந்தினரை ஏற்றி இறக்கும் வாகனம் வெள்ளையாக இருப்பதில் நன்மையும் உண்டு, நம்மூர் வெயிலுக்கு உள்ளே சூடு சற்றுக் குறையும். "நிறத்தையும் தரத்தையும் மாற்றினால், ஏற்கனவே கப்பலேறிய வாகனங்களில் பெயர் போடாதது ஏதாவது இருக்கிறதா?" என்று கேளுங்கள். காத்திருக்கும் காலத்தைச் சுருக்க வாங்குபவர் கையில் இருக்கும் வழிகளில் இதைப்போல் பயன் தருவது வேறொன்றும் இல்லை. மாற்றினாலும் பழைய பதிவுத் திகதியே செல்லும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். புதிய ஓடராகப் பதிந்தால் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவீர்கள்.

தொழிற்சாலையிலேயே தாமதம் நேர்வதும் உண்மை. ஒரு காரில் சுமார் 30,000 பாகங்கள் இருக்கின்றன. அவற்றைக் குவித்து வைக்காமல், தேவைப்படும் வேளையில் வரவழைத்துப் பொருத்துவது ஜப்பானியத் தொழிற்சாலைகளின் முறை. ஒரு பாகம் நின்றால் எல்லாமே நிற்கும். 2022 மார்ச் 1ஆம் திகதி டொயோட்டாவின் ஜப்பான் தொழிற்சாலைகள் 14உம் மூடிக் கிடந்தன. அவர்களுக்குப் பாகம் செய்து கொடுக்கும் ஒரு நிறுவனத்தின் கணினிகள் இணையத் தாக்குதலுக்கு உள்ளானதே காரணம். 2023 ஆகஸ்ட் கடைசியில் மறுபடியும் அதே 14 தொழிற்சாலைகள் நின்றன. பாகங்களுக்கு ஓடர் கொடுக்கும் கணினியில் சேமிப்பு இடம் போதாமல் போயிருந்தது. நம் வீதிகளில் பலர் ஓட்டும் டொயோட்டா ரைஸை உற்பத்தி செய்வது டைஹட்சு நிறுவனம். பாதுகாப்புப் பரிசோதனைகளில் முறைகேடு நடந்ததாகத் தெரியவந்து, 2023 டிசம்பரில் அந்த நிறுவனம் தன் எல்லா மாதிரிகளின் விநியோகத்தையும் நிறுத்தியது. இவை போன்ற செய்தி வரும் நாட்களில் ஓடர் மேசையில் இருப்பவருக்கும் உங்களுக்குச் சொல்ல எதுவும் இராது. அதை அவர் அப்படியே சொல்லிவிடலாம், கேட்பவருக்கு அதுவே மரியாதை.

"கப்பலில் வருகிறது" என்ற பதிலைச் சோதிப்பது எளிது. வாகனம் தொழிற்சாலையை விட்டு வெளியே வரும்போதே அதற்குச் சேசிஸ் இலக்கம் பதிக்கப்பட்டுவிடும். ஏற்றுமதிக்கென்று செய்தவற்றில் 17 எழுத்தும் எண்ணும் கொண்ட இலக்கம் இருக்கும். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்தவற்றில் மாதிரிக் குறியீடும் தொடர் எண்ணும் கொண்ட சிறிய இலக்கம் இருக்கும். கப்பலில் ஏற்றியபின் கப்பலேற்றுச் சீட்டு வரும், அதில் கப்பலின் பெயரும் இந்த இலக்கமும் இருக்கும். கப்பலின் பெயர் கிடைத்துவிட்டால் அது எந்தக் கடலில் நிற்கிறது என்று உங்கள் கைத்தொலைபேசியிலேயே பார்க்கலாம். சேசிஸ் இலக்கமும் இல்லை, கப்பலின் பெயரும் இல்லை என்றால், வருவது அவர்களுடைய கப்பல்தான், அதில் உங்கள் வாகனம் இல்லை. விற்பனையாளர் பொய் சொல்லாமலேயே உங்களைத் தவறாக நம்ப வைத்துவிட்டார். வங்கியில் எல்சி, அதாவது வெளிநாட்டு விற்பனையாளருக்குப் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம், திறந்தாகிவிட்டதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

எல்சியைப் பற்றிச் சொல்லும்போது 2020 மார்ச் மாதம் என் கண்முன் வருகிறது. அப்போது நான் இருந்த நிறுவனத்தில் முற்பணம் கட்டியவர்களின் பட்டியலை என்னிடம் தந்து, ஒவ்வொருவராக அழைத்துச் செய்தி சொல்லச் சொன்னார்கள். எல்சி திறக்கப்படாத ஓடர்கள் அப்படியே நின்றுவிட்டன. மகளின் திருமணத்துக்கென்று பதிவு செய்திருந்த ஓர் ஆசிரியர், "தம்பி, ஆறு மாதமாக என்னிடம் வருகிறது வருகிறது என்றுதானே சொன்னீர்கள்?" என்று கேட்டார். அவரிடம் அப்படிச் சொன்னவன் நான்தான். அவருடைய ஓடருக்கு எல்சி திறக்கப்படவில்லை என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது, அவர் கேட்கவில்லை என்பதால் சொல்லாமல் விட்டேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. அதன் பிறகு யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஓடர் நிற்கும் கட்டத்தைச் சொல்லிவிடுவதென்று வைத்துக்கொண்டேன்.

அடுத்தது நீங்கள் பதிவு செய்த வாகனத்தின் விலை. உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்குக் கவலை தருகிறது. முற்பணம் கட்டியபோது தந்த தாளை எடுத்து, சிறிய எழுத்தில் இருப்பதை விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை வாசியுங்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் விலை அன்றைய மாற்று விகிதத்துக்கும் வரிகளுக்கும் உட்பட்டது என்று இருக்கும். நம் நாட்டில் ஒரு வாகனத்தின் விலையில் பெரும் பங்கு வரி. இறக்குமதித் தீர்வை, அதன்மேல் மிகைவரி, இயந்திரத்தின் கொள்ளளவையோ மின்மோட்டரின் வலுவையோ வைத்துக் கணிக்கும் உற்பத்தி வரி, விலை கூடியவற்றுக்கு ஆடம்பர வரி, இவற்றின்மேல் 18 சதவீதப் பெறுமதி சேர் வரி. நீங்கள் பதிவு செய்த நாளில் இருந்த வரி உங்களைக் காக்காது. வாகனம் வந்து சுங்கத்தில் ஆவணம் சமர்ப்பிக்கும் வேளையில் நடைமுறையில் இருப்பதுதான் செல்லும். இடையில் ஒரு வர்த்தமானி வந்தால் கணக்கே மாறிவிடும். எனவே மூன்று விடயங்களை எழுத்தில் கேளுங்கள். விலை கூடினால் எந்த அளவுவரை நீங்கள் ஏற்கவேண்டும்? அதற்குமேல் போனால் முற்பணத்தை முழுதாகத் திருப்பித் தருவார்களா? எத்தனை நாட்களுக்குள் தருவார்கள்? வாய்ப்பேச்சில் "அதெல்லாம் பிரச்சினை இல்லை" என்பதை ஏற்காதீர்கள்.

லீசிங்கில் எடுக்கப்போகிறீர்கள் என்றால் அந்த அங்கீகாரக் கடிதத்துக்கும் காலாவதித் திகதி உண்டு. ஏழு மாதம் ஆகிவிட்டது, பார்த்துக்கொள்ளுங்கள். வாகனப் பெறுமதியில் எத்தனை சதவீதம் லீசிங் கொடுக்கலாம் என்ற வரம்பை மத்திய வங்கி வகுக்கிறது. 2025இல் அதை மாற்றினார்கள். நீங்கள் கையிலிருந்து போடவேண்டிய தொகை அதனால் மாறக்கூடும்.

கார் சேலில் நிற்பதை வாங்கலாமா என்று கேட்டீர்கள். என் எண்ணம், அவசரப்படவேண்டாம் என்பதே. அங்கே நிற்பது முகவர் வழியாக வராமல் வெளி இறக்குமதியாளர் கொண்டுவந்ததாக இருக்கலாம். அப்படியென்றால் உற்பத்தியாளரின் உத்தரவாதத்தை இங்குள்ள முகவர் ஏற்காமல் போகக்கூடும். உத்தரவாதம் யார் பெயரில், எந்தக் கராஜில் என்று கேளுங்கள். ஜப்பானில் ஓடிய பின் இங்கே வந்த ரீகண்டிஷன் வாகனமாக இருந்தால், அங்கே ஏலத்தில் விற்றபோது அதன் நிலையையும் ஓடிய தூரத்தையும் குறித்த ஏலத் தாளின் மூலப் பிரதியைக் கேட்டு, சேசிஸ் இலக்கத்தை வைத்துத் தனியாகச் சரிபாருங்கள். ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்டுவது நம் நாட்டில் புதிதல்ல. இறக்குமதியான வாகனத்தை 90 நாட்களுக்குள் பதிவு செய்யவேண்டும், தவறினால் தாமதக் கட்டணம் உண்டு. நீண்ட நாளாக நிற்கும் வாகனமென்றால் அந்தக் கட்டணம் யார் தலையில் என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். கார் சேல்காரர் மேலதிகமாகக் கேட்கும் தொகையை, மே முதல் செப்டெம்பர் வரையான ஐந்து மாதங்களால் பிரியுங்கள். அதே ஐந்து மாதங்களுக்குச் சாரதியோடு ஒரு வானை மாத வாடகைக்குப் பேசினால் எவ்வளவு ஆகும் என்று விசாரியுங்கள். வாடகை குறைவாக இருந்தால், இந்த சீசனை வாடகை வாகனத்தில் கடத்திவிட்டு உங்கள் வாகனத்துக்குக் காத்திருங்கள். சேசிஸ் இலக்கம் கிடைத்துவிட்டால் இதில் இரண்டாம் பேச்சே வேண்டாம். இலக்கமும் இல்லை, ஒதுக்கீட்டு மாதமும் சொல்லவில்லை, நிறத்தை மாற்றவும் வழியில்லை என்றால் மட்டும் முற்பணத்தை மீளக் கேளுங்கள்.

எதைக் கேட்டாலும் பதிவுத் தபாலில் கடிதமாகக் கேளுங்கள், பதிலளிக்க 14 நாள் கொடுங்கள். கடிதத்தில் கோபம் வேண்டாம். பதிவு செய்த திகதி, கட்டிய தொகை, பற்றுச்சீட்டு இலக்கம், மேலே சொன்ன கேள்விகள், இவை போதும். பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம், அவர்களின் அவசரத் தொலைபேசி இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி இயங்கும் சபை அது. அந்தக் கடிதத்தின் பிரதி கையில் இருந்தால் உங்கள் முறைப்பாடு வலுவாக நிற்கும்.

மாமனாரின் கேள்வி நியாயமானது. திருகோணமலையில் பிறந்த எல்லோருக்கும் மனதில் இருக்கும் கேள்வி அது. நம் துறைமுகத்துக்குப் பிரிமா ஆலைக்குக் கோதுமை வருகிறது, சீமெந்துத் தொழிற்சாலைக்கு மூலப்பொருள் வருகிறது, சீனக்குடாவுக்கு எண்ணெய் வருகிறது. வாகனக் கப்பலுக்கு ஆழமான நீர் மட்டும் போதாது. அது பல ஆயிரம் வாகனங்களை ஏற்றி ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும், அதில் நமக்கு இறங்குபவை ஒரு சிறு பங்குதான். தெற்கே அம்பாந்தோட்டைத் துறைமுகம் கிழக்கு மேற்குக் கப்பல் பாதையின் ஓரத்திலேயே இருப்பதால் அந்தக் கப்பலுக்குச் சுற்று குறைவு. வாகனங்களை நிறுத்தி வைக்கப் பெரிய தளமும் அங்கே உண்டு. அங்கே இறக்கி வேறு கப்பல்களுக்கு மாற்றும் வேலையும் நடக்கிறது. கொழும்பில் இறங்குபவையும் உண்டு. நம்மிடம் இயற்கைத் துறைமுகம் இருந்தும் வாகனம் தெற்கே இறங்கி நமக்கு வீதியால் வருவதில் எனக்கும் மனத்தாங்கல்தான்.

வாகனம் வந்துவிட்டதென்று அழைப்பு வந்தால் இங்கே கொண்டுவந்து தரச் சொல்லாதீர்கள், நீங்களே போய் எடுங்கள். முழுப் பணத்தையும் கட்டுமுன் சேசிஸ் இலக்கத்தை ஆவணத்தோடு ஒப்பிடுங்கள். ஓடிய தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். டயர் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. "புத்தம் புதியது" எத்தனை மாதம் வெயிலில் நின்றது என்று ஓரளவு சொல்லிவிடும். பகல் வெளிச்சத்தில் வண்ணப் பூச்சைச் சுற்றிப் பாருங்கள். பார்த்துக் கையெழுத்திட மதியம் தாண்டிவிடும், அன்றே திரும்பவேண்டாம். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் இருட்டியபின் யானைகள் வீதியைக் கடக்கும். கொழும்பில் தங்கி, மறுநாள் விடியப் புறப்படுங்கள்.